எதிர்வண்டி கை காட்டினால்

புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளே, உங்கள் சங்க மலருக்கு "மறக்க முடியாத இனிய அனுபவங்கள்" எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். இனிய அனுபவங்கள் எனக்கும் உண்டு. அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது என் வயிற்றுக்குள் இருப்பது கோபம். அதை வைத்துக்கொண்டு இனிப்பாக எழுத எனக்கு வராது. பிடிக்கவில்லையென்றால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

போன வாரம் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின் சீட்டு எனக்கு. சின்னப் பையன்தான், முப்பது வயசு இருக்காது. நன்றாகவே ஓட்டினான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கியர் மாறுவதே தெரியவில்லை. ஆனால் முன்னால் ஒட்டிவைத்திருந்த போன் ஒரு சத்தம் போட்டால் போதும், கண் அதற்குப் போய்விடுகிறது. கை தானாக நீள்கிறது. கட்டைவிரலால் எதையோ தட்டுகிறான், சிரிக்கிறான், மறுபடி ரோட்டைப் பார்க்கிறான். எனக்கு எங்கெங்கோ எரிந்தது.

"தம்பி, அத எடுத்து உள்ள வையி" என்றேன்.

"வூட்ல இருந்துங்க பெரியவரே. பதில் போடலன்னா கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கட்டும். வண்டிய நிறுத்திட்டுப் பேசு."

அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்து சீட்டு அம்மா, "வுடுங்க, அவருக்குத் தெரியாதா, பாத்துப்பாரு" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் அவரவர் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். மீதிப் பேர் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். தன் உயிர் போகும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, உயிரைக் கேட்கிறவனுக்குப் பரிந்து பேசுகிற ஜனங்களை என்னவென்று சொல்ல!

நான் இறங்கும்போது அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க காலத்துல போனே கெடையாது. அதனால உங்களுக்கு இதெல்லாம் பயமா தெரியுது."

அந்தப் பேச்சுதான் இதை எழுத வைத்தது. எங்கள் காலத்தில் போன் கிடையாதுதான். சேதி இல்லாமலா இருந்தது? சேதியைச் சொல்கிற ஆசையும், சொன்னதற்குப் பதில் வரவில்லையென்றால் வருகிற ரோஷமும் மனுஷனுக்குப் போனோடு சேர்ந்தா பிறந்தது?

எண்பதுகளில் நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வழியாகத் தர்மபுரி. அந்த லைனில் ஓடிய டிரைவர்களுக்குள் ஒரு கைப்பாஷை இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் ஒருவர் கை காட்டுவார், மற்றவர் பதிலுக்குக் கை காட்டுவார். உள்ளங்கையைக் கீழே பார்த்துத் தட்டினால் முன்னால் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். முஷ்டியை மூடி மூடித் திறந்தால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம். இரண்டு விரலை முன்னால் நீட்டினால் உனக்கு முந்திப் போன வண்டி பக்கத்தில்தான் போகிறது, விரட்டு. இதெல்லாம் பிழைப்புக்கான சேதி. போகப் போகக் குடும்பச் சேதிகளும் அதில் ஏறிக்கொண்டன. பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆகிவிட்டதா, கிணற்றில் தண்ணீர் வந்ததா, எல்லாவற்றுக்கும் ஒரு கைச்சைகை வைத்திருந்தார்கள்.

அதில் ஒரு கௌரவமும் இருந்தது. யாராவது கை காட்டி நீங்கள் திருப்பிக் காட்டவில்லையென்றால் போச்சு. சாயந்திரம் ஸ்டாண்டில், "ஏம்பா, கையத் தூக்கினா தூக்க மாட்டியா? பெரிய கலெக்டரு ஆயிட்டியா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதற்குப் பயந்தே ஒவ்வொருவரும் எதிர்வண்டி டிரைவரின் கையைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள்.

இதில் இருந்த பைத்தியக்காரத்தனத்தைப் புரிந்துகொள்ள அந்த ரோடு தெரிய வேண்டும். அப்போது அது ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் மண், மண்ணைத் தாண்டிப் புளியமரம். எதிரில் பஸ் வந்தால் இரண்டு பேரும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் விலக வேண்டும். அந்த மண்ணில்தான் ஜனங்கள் நடப்பார்கள். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம். ஆக, இடது பக்கத்தை உயிரைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் எதுவோ, அதே நேரத்தில்தான் வலது பக்கத்து ஜன்னலில் எதிர்வண்டிக்காரர் கை காட்டுவார். ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே வைக்க யாரால் முடியும்?

எங்கள் டிரைவர் அண்ணன் பேரை எழுத மாட்டேன். பிள்ளைகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். அந்த லைனிலேயே அவர்தான் பெரிய கை. பிரேக் பிடித்தால் நின்றுகொண்டு வருகிற கிழவி கூட ஆட மாட்டாள். குறுக்கே ஆடு வந்தால் அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுவார். சந்தை நாளில் பெண்கள் கொண்டுவருகிற கூடைகளை, கூரை மேல் ஏற்ற ஆள் இல்லையென்றால், தானே இறங்கி ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். கெட்டவர் செய்த தப்பு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் தப்பித்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு மாரண்டஹள்ளியில் தக்காளிக்கு நல்ல வரத்து. காலை வெயிலில் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன் படிக்கட்டுக்கு மேலே, இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பெண்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக ரோடு முழுக்கத் தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு பெண் தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண் குழந்தை. எதிரில் எங்கள் லைன் பஸ் ஒன்று வந்தது.

அந்தப் பெண் இரண்டு வண்டியையும் பார்த்துவிட்டாள். ரோட்டை விட்டு இறங்கி, மண்ணையும் தாண்டி, புளியமரத்தை ஒட்டிப் போய் நின்றாள். குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கை கூடையில், ஒரு கை குழந்தையின் மணிக்கட்டில். இதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரு மனுஷி இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? மரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டுமா?

எதிர்வண்டி டிரைவர் கையைத் தூக்கினார். எங்கள் அண்ணனின் தலை வலது பக்கம் திரும்பியது. கை ஜன்னலுக்கு வெளியே போனது. எதிர்வண்டி பக்கத்தில் வந்து, தாண்டியும் போய்விட்டது. அண்ணனின் தலை இன்னும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. இடது சக்கரம் மண்ணில் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது.

"அண்ணே! ஓரம்! ஓரம்!" என்று கத்தினேன். விசிலை ஊதினேன். அவர் திரும்பி ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ்ஸின் முன்பக்கம் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக் கூடையோடு தூக்கி எறிந்தது. பின் சக்கரம் குழந்தை மேல் ஏறியது.

அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத மாட்டேன். தக்காளி ரோடெல்லாம் உருண்டு கிடந்தது, எது தக்காளி என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். இவ்வளவு போதும்.

அந்தப் பெண்ணின் பெயர் மரியாள். குழந்தை ஸ்டெல்லா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பேர் கொடுத்திருந்தார்களாம். மரியாள் தோள் எலும்பும் விலாவும் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். விழுந்ததில் தலையில் அடி. அந்த இடத்துக்கு எப்படி வந்தாள், எங்கே நின்றாள், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை.

அந்த நினைவில்லாமைதான் மற்றவர்களுக்கு வசதியாகிவிட்டது. மதியத்துக்குள் லைன் முழுக்க ஒரு கதை ஓடியது. "அந்தப் பொம்பள கூடை வுழுந்துடும்னு ரெண்டு கையாலயும் கூடையப் புடிச்சாளாம். கொழந்த கைய வுட்டுட்டு ரோட்டுக்கு ஓடி வந்துச்சாம்." டீக்கடையில் இதை எனக்கே ஒருவன் சொன்னான். அவன் அந்தப் பஸ்ஸிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. வாய் கூசாமல் சொல்கிறான், "தாயா அவ? தக்காளி பெருசா போச்சு!" டம்ளரை அவன் மூஞ்சியில் விட்டெறியலாம் என்று வந்தது.

அடுத்த வேலையாகக் கம்பெனி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கூட நாலைந்து டிரைவர்கள் நின்றார்கள். எங்கள் அண்ணன் மூலையில் பெஞ்சில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீதாம்பா முன்னாடி நின்னவன். கொழந்த குறுக்க ஓடுச்சுன்னு சொல்லிடு. எதிர்வண்டி கை காட்டுனதக் கேட்டாங்கன்னா, முன்னாடி மரம் சாஞ்சு கெடக்குதுன்னு எச்சரிக்கை குடுத்தாருன்னு சொல்லு. முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

"கொழந்த ஓடலீங்க. அந்தம்மா கையப் புடிச்சுகிட்டு மரத்துகிட்ட நின்னாங்க. நம்ம வண்டிதான் அவங்ககிட்ட போச்சு."

"நீ யாரு பக்கம்?" என்று ஒரு டிரைவர் எகிறினார். "நாளைக்கு உனக்கும் இதே கதி வரும். அப்ப எவன் வருவான்னு பாக்கறேன்."

அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், எனக்கு மூணு பொட்டப் புள்ளங்கடா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுதது வேஷம் இல்லை. சாப்பாடு தூக்கம் இல்லாமல் இரண்டு கன்னமும் ஒட்டிப் போயிருந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கை அது.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. நெருக்கடி என்றால் பிரேக் பிடிக்காமல் போவது, டயர் வெடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதெல்லாம் கைக்கும் காலுக்கும் வருகிற நெருக்கடி. இன்னொன்று இருக்கிறது. நம்மோடு டீ குடித்தவன், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன், நல்லவன், கண்ணெதிரே அழுகிறான். எதிர்ப்பக்கம் நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு கூலிக்காரப் பெண், ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவள் அங்கே வந்து அழப்போவதில்லை. அப்போது யாருடைய அழுகையைக் கேட்பது என்பதுதான் தீர்மானம். "அண்ணே, உங்க புள்ளங்களுக்கு அப்பா இருக்காரு. அந்தம்மாவுக்குப் புள்ளயும் போயி, கொன்னவங்கற பேரும் வேணுமா?" என்று கேட்டேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மறுநாளே கம்பெனியில் என் பையையும் விசிலையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த லைன் டிரைவர்கள் பல வருஷம் என்னைப் பார்த்தால் எச்சில் துப்பிவிட்டுப் போனார்கள். துப்பட்டும். நான் வேறு பக்கம் போய் லைசென்ஸ் எடுத்து டிரைவராகி, ரிட்டயர் ஆகும்வரை ஓட்டினேன். எதிர்வண்டிக்கு நான் ஒரு நாளும் கையைத் தூக்கியதில்லை. திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன், அதைச் சந்தோஷமாகச் சுமந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கைச்சைகை என்ன? எச்சரிக்கை என்று மேனேஜர் சொன்னது பொய் என்று தெரியும். மரம் எதுவும் சாயவில்லை. அப்படியென்றால் அது என்ன சேதி? வேலை போன சில மாதத்திலேயே எதிர்வண்டி டிரைவரைத் தேடிப் பாலக்கோடு ஸ்டாண்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நழுவப் பார்த்தார். வழியை மறித்து நின்றேன்.

"கேஸுக்காகக் கேக்கலண்ணே. எனக்குத் தெரியணும். அன்னிக்கு இன்னா கை காட்டுனீங்க?"

அவர் ஐந்து விரலையும் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினார்.

"சாப்டாச்சான்னு கேட்டேம்பா. தெனம் கேக்கறதுதான்."

செக்கிங் இல்லை, சாவுச் சேதி இல்லை, பிரசவம் இல்லை. தினம் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லாவிட்டால் சாயந்திரம் ஸ்டாண்டில் ஒரு பேச்சு கேட்க வேண்டும். அவ்வளவுதான் அதன் விலை. அதைக் கொடுக்க மனசில்லாமல் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டோம். இன்றைக்கு உங்கள் போனில் வண்டி ஓடும்போது வருகிற சேதிகளை எடுத்து ஒரு நாள் சாயந்திரம் வரிசையாகப் படித்துப் பாருங்கள். அதில் எத்தனைக்கு அந்த நிமிஷமே பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களையே கேளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

இதற்கு அப்புறம் மரியாளைப் பார்க்கப் போனேன். புருஷன் வீட்டில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. "புள்ளயக் கையில புடிக்கத் தெரியாதவ" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி, இண்டூர் பக்கத்தில் இருக்கிற தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். போலீஸில் நான் சொன்னது பேப்பரோடு நின்றுவிட்டது, ஊர்வாய்க்கு வந்து சேரவில்லை. அதனால் நானே முதலில் அவள் புருஷன் வேலை செய்கிற இடத்துக்குப் போய் அவனைப் பிடித்தேன். கல் உடைக்கிற ஆள், அதிகம் பேசாதவன். "நீ கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குது, வா" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மரியாள் வாசலுக்குள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது. புருஷனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தாள். அவன் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். நான் யார் என்று சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "அண்ணா, நீங்க பாத்தீங்களா? நான் அவ கையப் புடிச்சிருந்தனா?"

"புடிச்சிருந்தம்மா. மணிக்கட்டுல கெட்டியாப் புடிச்சிருந்த."

"ஜபம் பண்ணும்போதெல்லாம் அதத்தான் கேக்கறன். எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. எல்லாரும் நான் வுட்டுட்டன்னு சொல்றாங்க. வுட்டிருப்பனோன்னு எனக்கே…"

"வுடல. பஸ்ஸப் பாத்துட்டு ரோட்ட வுட்டு எறங்கி மரத்துகிட்ட போயி நின்ன. புள்ளய உம்பக்கம் இழுத்துகிட்ட. வண்டிதான் ரோட்ட வுட்டு உங்ககிட்ட வந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு வாசல்படியைப் பார்த்தேன். "கேட்டியாப்பா? ஒங்கம்மாகிட்ட போயி இத அப்பிடியே சொல்லு. நம்பலன்னா என்னைக் கூப்புடு, ஊர் நடுவுல வந்து சொல்றேன்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தலையில் அடித்துக்கொண்டான். அவள் அழவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்கு இத்தனை மாதத்துக்குப் பிறகு விடுதலை கிடைத்திருந்தது. நான் கிளம்பியிருக்கலாம்.

அப்போது அவள் கேட்டாள்: "டிரைவரு ஏண்ணா அந்தப் பக்கம் திரும்புனாரு?"

"எதிர்வண்டிக்காரரு கை காட்டுனாரும்மா."

"ஏதாச்சும் அவசரங்களா? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லாம, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு…"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாள். மகள் போனதற்கு ஒரு காரணம், காரணம் என்று சொல்லத் தகுந்த ஒன்று, யாருக்கோ ஒரு உயிர்ப் பிரச்சனை, அப்படி ஏதாவது இருந்தால் தாங்கிக்கொள்வாள். பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் பொய்யால்தான் அவளை அந்தக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு பொய்யை அவள் கையில் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. சாப்டாச்சான்னு கேட்டாராம்."

அவள் என்னையே பார்த்தாள். புருஷனும் தலையைத் தூக்கினான்.

"அப்ப, உங்க டிரைவரு சாப்ட்டிருந்தாருங்களாண்ணா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.